பூட்டிய கிடங்குகளும் ஐஸ் ஹவுஸும்!



திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையை நான்கு பேராகப் பங்கிட்டுக்கொண்டு வேலை தேடியவர்கள் நம் கே.ஜி.கண்டிகையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஏராளம். அவர்களில் எவரைக் கேட்டாலும் 'ஐஸ் ஹவுஸ்' தெரியும் என்பார்கள். பஸ்ஸில் டிக்கெட் வாங்கச் சொல்லும் பெயர் அது. போலீஸ் நிலையத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் அந்த வீட்டில் எந்த ஐஸ் இருந்தது, யார் கொண்டுவந்தார்கள், ஐஸ் போன பிறகு அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

வியாபாரத்தில் இருப்பவர்களும், இனி வியாபாரத்தில் இறங்க நினைப்பவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் கட்டிடங்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஒருவர். பெயர் பிரடெரிக் டூடர். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் உறைந்து பாளமாகிவிடும். அதை அறுத்து வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1806ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம் வந்தது. கடனைக் கட்ட முடியாமல் சிறைக்கும் போனார். வெளியே வந்து மறுபடியும் அதே வியாபாரத்தில் இறங்கினார்! 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. மீதி கடலோடு கடலாகக் கரைந்துவிட்டது. இருந்தும் லாபம்! கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் சுங்கவரியையே தள்ளுபடி செய்தார்.

எப்படிச் சாத்தியமாயிற்று? வியாபாரிகளே, இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஏரியில் உறைந்த தண்ணீருக்கு விலை கிடையாது. அறுக்கும் கூலிதான் செலவு. குதிரை இழுக்கும் ஒரு கருவியை வையத் என்பவர் 1825ல் உருவாக்கினார். அது பனியை ஒரே அளவுள்ள சதுரக் கட்டிகளாக வெட்டித் தந்தது. கட்டியும் கட்டியும் ஒட்டி நின்றால் இடையில் காற்று புகாது. காற்று புகாவிட்டால் உருகுவதும் குறையும். அடுத்தது மரத்தூள். மரம் அறுக்கும் ஆலைகளில் குப்பையாகக் குவிந்து கிடந்ததை வாங்கிப் பனிக்கட்டியைச் சுற்றி அடைத்தார்கள். மூன்றாவது, கப்பலின் அடித்தட்டு. இந்தியாவிலிருந்து தோலும் அவுரியும் ஏற்றிப்போக வரும் அமெரிக்கக் கப்பல்களுக்கு, வரும்போது ஏற்றச் சரக்கு போதாது. கப்பல் சாயாமலிருக்கக் கல்லையும் மண்ணையும் நிரப்பிக்கொண்டு வருவார்கள். கல்லுக்குப் பதில் பனிக்கட்டி! சும்மா கிடந்த தண்ணீர், குப்பையான மரத்தூள், காலியான கப்பல். எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்றை ஒன்றுசேர்த்து ஒரு மனிதர் உலக வியாபாரம் நடத்தினார். பாஸ்டனுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் வாழ்ந்த எழுத்தாளர் தோரோ, தன் ஏரித் தண்ணீர் சென்னைவாசிகளின் தாகம் தீர்க்கப் போவதை 1854ல் வெளிவந்த தன் நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சென்னையில் அந்த ஐஸுக்கென்று 1842ல் கட்டப்பட்டதுதான் ஐஸ் ஹவுஸ். வெயிலும் வெளிக்காற்றும் புகாதபடி தடித்த சுவர்கள், வட்ட வடிவம், உச்சியில் அன்னாசிப் பழம் போன்ற ஒரு கூம்பு. கடலிலிருந்து நாலு எட்டு தூரம்.

அன்றைக்குச் சென்னையில் துறைமுகமே கிடையாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில் நம் கடலோர மக்கள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கி வருவார்கள். வெள்ளைக்காரர் பருகிய மதுவில் மிதந்த ஐஸும் அப்படித்தான் வந்திருக்கும். உருகுவதற்குள் கரை சேர்க்க வேண்டும்! அதைச் சுமந்தவர்கள் அதில் ஒரு வாய் குளிர்ந்த நீர் குடித்தார்களோ என்னவோ...

துறைமுகத்துக்கு 1875ல்தான் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கட்டி எழுப்பிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவர்களை 1881ல் வந்த புயல் உடைத்தெறிந்தது. அதற்குள் ஐஸ் வியாபாரத்தின் கதை முடிந்தே போயிற்று. 1870களில் நீராவி இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்கத்தாவில் 1878ல் 'பெங்கால் ஐஸ் கம்பெனி' வந்தது. இயந்திரத்தில் விடியற்காலையில் ஐஸ் கிடைக்கும்போது நான்கு மாதம் கடலில் வரும் ஐஸை யார் வாங்குவார்? கல்கத்தாவில் இருந்த ஐஸ் கிடங்கை 1882ல் இடித்தே விட்டார்கள். சென்னைக் கிடங்கு தப்பியது.

எப்படித் தப்பியது? இங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன்.

தொழில் போன கட்டிடத்தைப் பிலிகிரி ஐயங்கார் என்ற உயர்நீதிமன்ற வழக்கறிஞர் வாங்கினார். ஐஸ் வைக்கக் கட்டியதில் மனிதர் வாழ முடியாது. எனவே ஜன்னல்கள் திறந்து, தாழ்வாரங்கள் கட்டினார். தனக்குப் பிடித்த நீதிபதி கெர்னன் பெயரை வைத்து 'கேஸில் கெர்னன்' என்றார். தான் குடியிருந்ததோடு ஏழை மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார். 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை, மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். பிறகு ராமகிருஷ்ண மடத்தின் சென்னைக் கிளையும் அங்கே தொடங்கி 1907 வரை நடந்தது. இடையில் ஐயங்கார் இறந்துபோகக் கட்டிடம் ஏலத்துக்கு வந்து கைமாறியது. பின்னர் அரசாங்கத்தின் வசமாயிற்று.

அரசாங்கத்தின் கையில் அது என்ன ஆயிற்று தெரியுமா? விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதி!

சகோதரி சுப்புலட்சுமி என்று ஒரு அம்மையார். 1886ல் பிறந்தவர். சிறு வயதிலேயே மணம் முடித்து, முடித்த கையோடு விதவையும் ஆக்கப்பட்டவர். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்க அவர் தந்தையார் சம்மதிக்கவில்லை. படிக்க வைத்தார். 1911ல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்ற பெயரோடு வெளியே வந்தார். அடுத்த ஆண்டே எழும்பூரில் தன் வீட்டில் நான்கு பெண்களோடு 'சாரதா இல்லம்' தொடங்கினார். எண்ணிக்கை பெருகப் பெருக வீடு போதவில்லை. வாடகைக்கு இடம் கேட்டால், விதவைகள் கூட்டமாகத் தங்கும் வீட்டுக்குச் சம்மதிப்பவர் யார்? எதிரே வந்தாலே சகுனத் தடை என்று ஒதுங்கிய காலம் அது. கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது, எவருக்கும் தேவைப்படாத இந்தப் பழைய ஐஸ் கிடங்கு!

அங்கிருந்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பக்கத்திலேயே 1922ல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவி அந்த அம்மையார்தான். அண்டையிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். அரசு நடத்திய அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்றிருந்தது. அந்தக் கதவு மற்ற சாதிப் பெண்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இன்று நாம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் சமுதாயம் மூலையில் தள்ளிய பெண்ணின் கையில் சாக்கட்டியைக் கொடுத்து வகுப்பறைக்கு அனுப்பிய காரியத்தை அதனால் சிறிதாக்கிவிட முடியாது.

1963ல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, அரசு அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் வைத்தது. 1997ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டு, இன்று அங்கே அவர் வாழ்வைச் சொல்லும் கண்காட்சி நடக்கிறது. இதில் நமக்கு எந்தச் சச்சரவும் இல்லை. ஒரு பெரியவர் தங்கிய இடத்தை அவரைப் போற்றுவோர் பேணிக் காக்கிறார்கள். சுவர் இன்றைக்கும் விழாமல் நிற்பது அவர்களால்தான். ஆயினும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வீட்டுக்கு வாய்த்த பயன்களிலெல்லாம் மேலானது அந்த விதவைப் பெண்களின் விடுதிதான். ஊர் மறந்துபோனதும் அதைத்தான். ஒன்பது நாள் தங்கியவரின் பெயரை ஊர் அறியும். ஆண்டுக்கணக்கில் அங்கே விளக்கு வெளிச்சத்தில் படித்த பெண்களின் பெயரை யார் அறிவார்?

கொச்சியிலும் இதே கதைதான், வேறு வடிவத்தில். கோட்டைக் கொச்சியில் கடலை ஒட்டி 'ஆஸ்பின்வால் ஹவுஸ்' என்று ஒரு பெரிய வளாகம். 1867ல் ஓர் ஆங்கிலேய வணிகர் தொடங்கிய கம்பெனி. மிளகு, இஞ்சி, தேங்காய் எண்ணெய், பிறகு கயிறு, காப்பி, தேயிலை என்று ஏற்றுமதி செய்தது. வியாபாரம் ஓய்ந்து கிடங்குகள் காலியான பிறகு, 2012 டிசம்பர் 12 அன்று அங்கே கொச்சி-முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியது. மிளகு மூட்டை அடுக்கிய கூடங்களில் உலகத்துச் சித்திரக்காரர்களின் படைப்புகள். பாழாகிக் கிடந்த கட்டிடங்களுக்கு உயிர் வந்தது, பாராட்டுவோம். ஆனால் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மட்டாஞ்சேரி இருக்கிறது. துறைமுகக் கூலிகளுக்கு 'சாப்பா' என்ற உலோக வில்லையை வீசியெறிவார்கள். அதைப் பாய்ந்து பொறுக்கியவனுக்குத்தான் அன்றைய வேலை! மனிதர்களை ஒருவர்மேல் ஒருவர் விழ வைத்த அந்தக் கேவலமான முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. நம் சகோதரர்களும் அந்தத் தொழிலாளர்களில் இருந்தார்கள். பழைய கட்டிடத்துக்கு வெள்ளையடித்தால் மட்டும் போதாது, அதில் மூட்டை சுமந்தவனுக்கும் சுவரில் ஓர் இடம் வேண்டும் என்பது என் கட்சி.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பகுதியில் துறைமுகம் கிடையாது. பனிக்கட்டியும் கிடையாது. ஆனால் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றிலும் தறி ஊர்கள். தறிச் சத்தம் அடங்கிப்போன கொட்டகைகளை நீங்கள் பார்க்கிறீர்கள். ஓடாத ரைஸ் மில்களைப் பார்க்கிறீர்கள். பாகப்பிரிவினைத் தகராறில் பூட்டிய மண்டிகள், நூல் கிடங்குகள்... துருப்பிடித்த பூட்டு, உள்ளே வௌவால், வெளியே 'விற்பனைக்கு' என்று எழுதிய போன் நம்பர்! பத்தாண்டு பூட்டி வைத்து, கடைசியில் இடித்துத் தள்ளி, பிளாட் போட்டு விற்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே வழியாக இருக்கிறது.

வணிகப் பெருமக்களே! கையில் பணமுடை உள்ளவரை விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரவர் சொத்து, அவரவர் கஷ்டம். முடை இல்லாமலேயே பூட்டி வைத்திருப்பவரைத்தான் கேட்கிறேன். பத்தாவது முடித்த பெண்பிள்ளை திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ போய்த் தங்கிப் படிக்க இடமில்லை என்பதால் வீட்டோடு நின்றுவிடுகிறாள். பட்டம் முடித்த பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்க ஓர் அமைதியான இடம் கிடைக்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் பூட்டி வைத்திருக்கும் கூடத்தின் நீள அகலத்தை ஒருமுறை மனதில் அளந்து பாருங்கள். ஐந்து வருடக் குத்தகைக்கு ஜமாஅத்திடம் கொடுத்தால் சொத்து உங்கள் பெயரில்தான் இருக்கும். எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு கோர்ட் வாசலில் நிற்க வேண்டாம். வக்ஃபு இடமாக இருந்தால், விற்கும் அதிகாரம் முத்தவல்லிக்கு இல்லை என்பதும், வக்ஃபு செய்தவரின் நோக்கத்துக்கு மாறாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளைஞர்களே, உங்கள் உற்சாகத்தைக் கண்டு பயப்படுகிறவன் நான். இன்று சொன்னால் நாளை காலை பூட்டை உடைத்து வெள்ளையடித்துப் பலகை மாட்டிவிடுவீர்கள்! சற்றுப் பொறுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கட்டிடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது. சென்னைக் கிடங்கில் இருந்தது வெறும் ஐஸ். உருகிப் போனால் தண்ணீர், அவ்வளவுதான். நெல்லும் நூலும் இருந்த இடங்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நம் சமுதாயத்தாரின் முக்கியத் தொழிலான தோல் பதனிடும் ஷெட்டுகள் அப்படியல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே கெட்ட மண்ணுக்கும் நீருக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமிய ஆலையின் கழிவுக் குவியல் எத்தனை காலம் நிலத்தடி நீரைக் கெடுத்தது என்பதை அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். குரோமியம் ஊறிய தரையில், பூச்சிமருந்து மூட்டை அடுக்கிய கிடங்கில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தறி ஊர்களில் சாயப்பட்டறை நடந்த இடத்துக்கும் இது பொருந்தும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நீங்களே சுத்தியலால் உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

அடுத்தது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் கருகினார்கள். குறுகலான படிக்கட்டு. பிள்ளைகள் ஓடிவர வழியில்லை. கிடங்கு என்பது திருடன் வராமலிருக்கக் கட்டியது. ஒரே வாசல், கம்பி போட்ட ஜன்னல். பொருளுக்கு அது பாதுகாப்பு, உள்ளே தூங்கும் பிள்ளைக்கு அதுவே ஆபத்து! பிலிகிரி ஐயங்கார் ஐஸ் கிடங்கில் முதலில் ஜன்னல் திறந்தார் அல்லவா? நீங்கள் முதலில் இரண்டாவது வாசலைத் திறக்க வேண்டும். அதற்காக எந்தச் சுவரை உடைக்கலாம், எதைத் தொட்டால் கூரை இறங்கும் என்பதைப் படித்த இன்ஜினியர் வந்து சொல்லட்டும். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான், ஆனால் உறுதிச் சான்றிதழில் அவர் கையெழுத்துச் செல்லாது. பழைய மின்கம்பிகளை முழுதாகக் கழற்றிப் புதிதாக இழுங்கள். தறிக்கு ஓடிய கம்பியில் விளக்கு எரிகிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பெரிய தொகையைக் கண்டு மலைக்காமல், முதல் வருடம் படிப்பகம் மட்டும் என்று தொடங்குங்கள். நாலு மேசை, இருபது நாற்காலி, நாளிதழ்கள், குடிநீர், கழிப்பறை. கல்யாணத்தில் ஒரு வேளை பிரியாணிக்கு ஆகும் செலவுதான், அதிகமில்லை. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கட்டும். ஐஸ் ஹவுஸ் விடுதியில் கண்ட குறையை நாமும் செய்யக் கூடாது. வாசலில் பலகை வைக்கும்போது நன்கொடையாளர் பெயர் ஒரு வரி போதும். அது எந்த ஆண்டு யாருடைய தறிக்கொட்டகை, எத்தனை தறி ஓடியது, யார் யார் நெய்தார்கள், எப்போது ஏன் நின்றது என்பதை உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பெண்பிள்ளைகளின் விடுதி என்றால் கூடுதல் கவனம் தேவை. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கென 2014ல் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. உரிமம் பெறாமல் நடத்துவது குற்றம். உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். கட்டிட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய சான்றிதழ்களைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக் காப்பாளர் பெண்ணாகவே இருக்க வேண்டும். நமக்கான அலுவலகம் திருவள்ளூரில் இருக்கிறது. கட்டிடத்துக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பே, சொத்துப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு, உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை அங்கே போய், என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கி வாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அவர் தரும் பவர் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டு வரவேண்டும். அதற்கு நாளாகும், அந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.